வீட்டைச் சுருக்கிப் படகேறிய எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 ஏப்ரலில் பிரிஸ்பேனில் இருந்த நான்கு படுக்கையறை வீட்டை விற்றுவிட்டு, நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் ஒரு பாய்மரப் படகில் குடியேறினோம். மகளுக்கு அப்போது ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. அன்றிலிருந்து தூத்துக்குடிப் பெரியம்மா தொடங்கி கோயிலில் பார்க்கும் நண்பர்கள்வரை எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துப்போனதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

ஏட்டி, இருந்த வீட்டை வித்துட்டு படகுல போய்க் கிடக்கீங்களாமே, கடன் கிடன் ஆகிப்போச்சா?

இல்லை பெரியம்மா. வீட்டுக் கடன் இருந்தது, ஆனால் தவணை தவறியதில்லை. 2020-ல் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, அந்தப் பெரிய வீட்டில் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து உட்கார்வது சமையலறையை ஒட்டிய ஒரே மூலையில்தான் என்பதைக் கவனித்தோம். மற்ற அறைகள் முழுக்கச் சாமான். அந்தச் சாமானைத் துடைக்கவும் அதற்குத் தவணை கட்டவும்தான் இரண்டு பேரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

படகு என்பது கணவரின் பழைய ஆசை. எனக்குக் கடல் பரம்பரையாக வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். என் தாத்தா தூத்துக்குடித் தோணித்துறையில் சரக்குக் கணக்கு எழுதியவர். கொழும்புக்குப் போகும் தோணிகளை வாழ்நாள் முழுக்க வழியனுப்பினார், ஒருநாளும் ஏறிப் போனதில்லை.

படகுன்னா எவ்வளவு பெருசு? நாலு பேர் எப்படி இருக்கீங்க?

நீளம் 40 அடி, அகலமான இடத்தில் 13 அடி. அணியமும் (முன்முனை) அமரமும் (பின்முனை) குறுகிவிடுவதால் உள்ளே நடமாடும் இடம் சென்னையில் ஒரு சின்ன ஒற்றைப் படுக்கையறை வீட்டைவிடக் குறைவு. முன்பக்கம் எங்கள் படுக்கை, பின்பக்கம் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பொந்து (அவர்கள் வைத்த பெயர்), நடுவில் சாப்பாட்டு மேசை, சமையல் மூலை, ஒரு கழிப்பறை. உட்காரும் பலகை ஒவ்வொன்றையும் தூக்கினால் அடியில் பெட்டி இருக்கும். தரைப்பலகைக்குக் கீழேயும் பெட்டிதான்.

கேட்டமரன் வாங்கியிருந்தால் இடம் தாராளமாக இருக்குமே என்று கேட்பார்கள். நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்குப் போய் அந்தப் பெயரில் இரண்டு உடல் உள்ள படகாகத் திரும்பி வந்திருக்கிறது. இடம் தாராளம், சாய்வதும் குறைவு. ஆனால் அதே நீளத்துக்கு விலை எங்கேயோ போய்விடுகிறது. துறையில் நிறுத்தவும் கூடுதல் கட்டணம். எங்கள் கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

எப்பவும் நடுக்கடல்லயேவா இருப்பீங்க?

கிடையாது. வருடத்தில் நாங்கள் பாய் விரித்து ஓடும் நாட்கள் ஐம்பது, அறுபதுதான் இருக்கும். மற்ற நாட்களில் ஏதாவது தீவின் மறைவில் நங்கூரம் போட்டோ, படகுத்துறையில் கட்டிக்கொண்டோ இருப்போம். படகின் வேகம் மணிக்கு 5 அல்லது 6 கடல் மைல், அதாவது பத்து கிலோமீட்டர் சுமார். சைக்கிளில் போகிறவர் எங்களை முந்திவிடுவார்.

எங்கள் வருடம் காற்றோடு போகிறது. ஈஸ்டர் கழிந்ததும் தென்கிழக்குக் காற்று நிலைப்படும், அதைப் பிடித்துக் குயின்ஸ்லாந்துக் கரையோரமாக வடக்கே போவோம். மோர்டன் விரிகுடா, கேகாரி தீவு, பெர்சி தீவுகள், விட்சண்டே என்று நிறுத்தி நிறுத்தி. ஆகஸ்ட்டில் திமிங்கிலங்கள் குட்டியோடு கூடவே வரும். அக்டோபரில் வடக்குக் காற்று வரத் தொடங்கும்போது அதில் திரும்பி, புயல் காலத்துக்கு முன் பிரிஸ்பேன் வந்து கட்டிவிடுவோம்.

வீடு நிறைய சாமானை என்ன பண்ணினீங்க? நான் பீரோவைத் திறந்தாலே தலை சுத்துது. எங்கிருந்து ஆரம்பிக்கறது?

படகேறும் எண்ணம் இல்லாதவர்கள்கூட இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பீரோவில் ஆரம்பிக்காதீர்கள், ஆல்பத்தில் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். நாங்கள் கராஜில் ஆரம்பித்தோம். பழைய பெயிண்ட் டப்பா, ஓடாத மின்விசிறி, யாருடையது என்றே தெரியாத டென்ட். மனசு வலிக்காத பொருட்களில் கை பழகியபிறகு சமையலறை, அப்புறம் துணி, கடைசியாகத்தான் நினைவுப் பொருட்கள்.

சமையலறையில் எனக்கு ஞானம் வந்தது. வீட்டில் நாலு பேர், எவர்சில்வர் டம்ளர் அறுபத்து நாலு. அண்டா இரண்டு, குண்டான் ஏழு, பத்துப் பேருக்கு இட்லி ஊற்றும் பாத்திரம் ஒன்று. எதைக் கையில் எடுத்தாலும் "யாராவது வந்தா வேணும்ல" என்று என் வாய் தானாகச் சொன்னது. வருடத்தில் இரண்டு முறை வருகிற அந்த யாராவதுக்காகப் பாதி வீட்டை வைத்திருந்திருக்கிறோம். அதற்குப்பின் ஒரே கேள்விதான் வைத்துக்கொண்டோம்: படகில் இதற்கு இடம் எது, கையை வைத்துக் காட்டு. காட்ட முடியாவிட்டால் பொருள் போகும். "ரொம்ப நல்ல பொருள்", "அப்பவே நானூறு டாலர்" என்பதெல்லாம் செல்லாது.

பெரிய சாமான்களை இணையத்தில் விற்றோம், பாத்திரங்களைப் புதிதாகக் குடிவந்த இரண்டு மாணவர் வீடுகளுக்குக் கொடுத்தோம், துணிகள் தொண்டுக் கடைக்குப் போயின. மீதியை மாநகராட்சி வண்டி வாசலில் வந்து எடுத்துக்கொண்டது. மொத்தம் ஐந்து மாதம் ஆனது. கடைசி இரண்டு வாரம் அவசரத்தில் மரக்கட்டில்களைக் கிட்டத்தட்ட இனாமாகத் தள்ளிவிட்டோம். எட்டு மாதமாவது ஒதுக்குங்கள்.

செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். தையல் இயந்திரத்தை விற்றேன், பாய் கிழிந்தபோது அதைவிடக் கூடுதல் விலைக்கு வேறொன்று வாங்கினேன். மகனைக் கேட்காமல் அவனுடைய மர ரயில் பெட்டியைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தேன். அதற்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளின் பொருளைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி கொடுத்து, மூடி மூடினால் சரி என்று விட்டிருக்கலாம். மகளுக்கு அப்படித்தான் செய்தோம். அவள் பெட்டியில் பாதிக்கு ஒரு துணி யானை உட்கார்ந்திருக்கிறது, அவள் இஷ்டம்.

எல்லாத்தையும் கொடுக்கறதுக்குப் பதிலா ஒரு ஸ்டோரேஜ் எடுத்து வெச்சுட்டுப் போகலாமே?

நாங்களும் அதைத்தான் செய்தோம். சோபா, தேக்கு மேசை, குளிர்சாதனப் பெட்டி, பதினாறு அட்டைப்பெட்டிகள். மாதம் 210 டாலர், ஒரு வருடத்தில் 2,520. வருடம் கழித்துத் திறந்தபோது சோபாவில் பூஞ்சை. அட்டைப்பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் நினைவில்லை. எல்லாவற்றையும் விற்று வந்தது முந்நூறு டாலர் சொச்சம்.

ஆறு மாதம் சோதித்துப் பார்த்துவிட்டுத் திரும்பும் எண்ணம் இருந்தால் ஸ்டோரேஜ் எடுப்பது நியாயம். "தீர்மானிக்க மனசு வரவில்லை" என்பதற்காக எடுத்தால், தீர்மானத்தைத் தள்ளிப்போட மாத வாடகை கட்டுகிறீர்கள்.

கல்யாணப் பட்டு, வெள்ளிச் சாமான், நகை எல்லாம்?

பட்டுக்கும் படகுக்கும் ஆகாது. உப்புக்காற்று, ஈரம், காற்றோட்டமில்லாத பெட்டி. காற்றை உறிஞ்சி அடைத்த பையில் ஒரு சேலையை வைத்துப் பார்த்தேன். ஆறு மாதத்தில் மடிப்பில் புள்ளி விழுந்து, சரிகை கறுத்துவிட்டது. என்னிடம் இருந்த பத்தொன்பதில் முகூர்த்தப் புடவையும் இன்னும் மூன்றும் தோழி வீட்டு பீரோவில் இருக்கின்றன. மீதியைத் தங்கையும் நாத்தனார்களும் எடுத்துக்கொண்டார்கள். அவற்றை அவர்கள் கட்டிக்கொண்டு அனுப்பும் படங்களைப் பார்க்கும்போது, பெட்டிக்குள் கிடந்த காலத்தைவிடச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

வெள்ளி கறுக்கும், பித்தளை பச்சை பூக்கும். ஒரு சின்ன குத்துவிளக்கு தவிர எல்லாம் கரையில். நகை தனியார் பெட்டகத்தில். பாய்க்கயிறு சுற்றும் உருளையில் மோதிரமோ வளையலோ மாட்டினால் விரலே போய்விடும், அதனால் ஓட்டும்போது இரண்டும் கிடையாது. தாலிச் சங்கிலி சட்டைக்குள். அவிழ்த்த கூந்தலும் கூடாது.

கொலு வைக்காம இருந்தா குத்தமில்லையா? சாமி படமெல்லாம் என்ன செஞ்சீங்க?

மாமியார் கொடுத்த மண்பொம்மைகள் நூற்றுக்கு மேல். மண்பொம்மை கனம், உடையும், படகு ஒருமுறை சாய்ந்தால் தசாவதாரமும் தரையில். வருடம் தவறாமல் கொலு வைக்கும் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டோம். மாமியாரிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் தைரியம் வரவில்லை. சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "செட்டியாருக்குப் பக்கத்துல செட்டிச்சியை வைக்கணும்னு அவங்களுக்குச் சொன்னியா?"

நவராத்திரி சமயத்தில் நாங்கள் பெரும்பாலும் விட்சண்டே பக்கம் இருப்போம். படகுக்குள் இறங்கும் ஏணிக்குச் சரியாக ஐந்து படி. முதல் வருடம் மகள்தான் கண்டுபிடித்தாள். ஒரு மாலை மட்டும், நங்கூரத்தில் இருக்கும்போது, லெகோ மனிதர்களும் துணி யானையும் ஏறி உட்கார்வார்கள். சுண்டல் உண்டு. அந்த ஒன்றரை மணி நேரம் யாரும் வெளியே போக முடியாது.

சாமி படம் உள்ளங்கை அளவில் மூன்று, சுவரில் திருகிவிட்டோம். விளக்கு ஏற்றினால் ஐந்து நிமிடம்தான், அதுவும் காஸை அடைத்தபிறகு. ஏன் என்று சமையல் கேள்வியில் சொல்கிறேன்.

புத்தகமெல்லாம்?

கணவரிடம் எண்ணூறு, என்னிடம் முந்நூறு இருந்தன. இருபது இப்போது படகில். புத்தகம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், பூச்சி பிடிக்கும், எல்லாவற்றுக்கும் மேலே கனம். படகு எடையை மறைக்காது, அடியில் பூசிய வண்ணக்கோடு தண்ணீருக்குள் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மீதியைக் கின்டிலில் படிக்கிறோம். ஆல்பங்களை ஸ்கேன் செய்ய ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று.

கிரைண்டர் இல்லாம இட்லி, தோசையா? சும்மா சொல்லாதீங்க!

முதல் நாலு மாதம் இல்லைதான். மிக்ஸியில் ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்தேன், கல் மாதிரி வந்தது. அப்புறம் ஒன்றேகால் லிட்டர் மேசைக் கிரைண்டர் வாங்கினோம். சாமான் கேள்வியில் சொன்ன விதிப்படி இடம் காட்ட வேண்டியிருந்தது, கணவரின் கருவிப்பெட்டி வேறு இடம் போனது. 150 வாட் மோட்டார்தான், நண்பகல் வெயிலில் சூரிய மின்சாரத்திலேயே ஓடிவிடும். மாவுப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. மூடியைக் கட்டி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்துவிட வேண்டும். பொங்கிய மாவோடு படகு ஒருமுறை சாய்ந்தது, தரைப்பலகை இடுக்கில் வழிந்த உளுந்து எத்தனை நாள் நாறும் என்று எனக்குத் தெரியும். குளிர்காலத்தில் மாவு பொங்க எஞ்சின் பெட்டியின் மேல் வைப்பேன். எஞ்சின் நின்று மணிக்கணக்காக அங்கே சூடு இருக்கும்.

அடுப்பு ஊஞ்சல் மாதிரித் தொங்குகிறது, படகு சாய்ந்தாலும் அது நேராக நிற்கும். பிரஷர் குக்கர்போலக் கடலுக்கேற்ற பாத்திரம் வேறில்லை. மூடி பூட்டியிருப்பதால் உருண்டாலும் கொட்டாது, காஸும் மிச்சம். வெள்ளைக்காரப் படகோட்டிகள்கூட அதைத்தான் வைத்திருக்கிறார்கள், விசில் சத்தத்துக்கு மட்டும் இன்னும் துள்ளிக்குதிக்கிறார்கள். கடலில் ஓடும்போது தாளிப்பு கிடையாது. கொதிக்கும் எண்ணெயோடு விளையாடக் கூடாது, அன்றைக்குத் தயிர்சாதம்.

காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியே போகாமல் படகின் அடிவயிற்றில் தேங்கும், ஒரு பொறி போதும். அதனால் சிலிண்டர் தனிப் பெட்டியில், அதன் கசிவு கடலுக்கு வடியும்படி இருக்கும். சமைத்து முடித்ததும் சிலிண்டரிலேயே அடைத்துவிடுவோம். விளக்கேற்றும் முன் அடைப்பதும் இதற்காகத்தான்.

மளிகை எவ்வளவு வாங்கி வைப்பீங்க? பூச்சி வராதா?

ஆறு வாரத்துக்கு அரிசி, பருப்பு, புளி, மிளகாய் வாங்கிக்கொண்டு கிளம்புவோம். பிரிஸ்பேனை விட்டால் நம் மளிகை எல்லா ஊரிலும் கிடைக்காது. அட்டைப்பெட்டி எதுவும் படகுக்குள் வராது. அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும், ஒருமுறை குடியேறினால் அதைத் துரத்த முடியாது. எல்லாவற்றையும் துறையிலேயே பிரித்து, இறுக்கி மூடும் டப்பாவில் போட்டுத்தான் உள்ளே கொண்டுபோவோம். அரிசியில் காய்ந்த மிளகாயும் பிரிஞ்சி இலையும். அம்மா செய்வதும் அதுதான்.

கறிவேப்பிலைச் செடி ஒன்று தொட்டியில் வைத்திருந்தேன். முதல் உப்புச் சாரலிலேயே கருகிப்போனது. இப்போது இலையைக் காயவைத்து டப்பாவில்.

தண்ணி, கரண்ட்டுக்கு என்ன வழி?

தொட்டிகளில் 450 லிட்டர். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் என்று வைத்தால் பதினோரு நாள். முதலில் கேட்கச் சிரிப்பாக இருந்தது, வீட்டில் ஒரு குளியலுக்கே அவ்வளவு போகும். இப்போது கடலில் குளித்துவிட்டு, கடைசியில் இரண்டு சொம்பு நல்ல தண்ணீர். பாத்திரமும் முதலில் உப்புத்தண்ணீரில். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இரண்டாம் வருடம் வாங்கினோம், ஆனாலும் சொம்புப் பழக்கம் போகவில்லை.

மின்சாரம் மேலே உள்ள 800 வாட் சூரியத் தகடுகளிலிருந்து. மூன்று நாள் மழை மூட்டம் என்றால் கிரைண்டருக்கு ஓய்வு, பிள்ளைகளின் டேப்லெட்டுக்கும் ஓய்வு. இரண்டாவதில் எனக்கு வருத்தமில்லை.

கேக்கக் கூச்சமா இருக்கு... பாத்ரூம் எப்படி?

எல்லாரும் கேட்கிறார்கள், கூச்சப்பட வேண்டாம். கைப்பம்பால் கடல்நீரை இழுத்து அலசும் கழிப்பறை. கழிவு ஒரு தொட்டியில் சேரும். துறைகள், ஆறுகள், கால்வாய்களில் வெளியே விடுவது சட்டப்படி குற்றம். துறைகளில் உறிஞ்சி எடுக்கும் வசதி உண்டு. குழாய் குறுகல், காகிதம் போட்டால் அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் கழுவும் நம் வழக்கம் இந்த இடத்தில் கைகொடுத்தது.

பிள்ளைங்க படிப்பு வீணாகாதா?

குயின்ஸ்லாந்தில் இரண்டு வழி. அரசே நடத்தும் தொலைநிலைப் பள்ளியில் சேரலாம், அல்லது கல்வித்துறையின் வீட்டுக் கல்விப் பிரிவில் பதிவு செய்து நாமே சொல்லிக்கொடுக்கலாம். நாங்கள் எடுத்தது இரண்டாவது. வருடத்துக்கு ஒருமுறை பிள்ளை என்ன கற்றது என்று அறிக்கை கொடுக்க வேண்டும். காலை எட்டரை முதல் பன்னிரண்டுவரை மேசையில் உட்கார்ந்தாக வேண்டும், வெளியே டால்பின் வந்தால் மட்டும் எழுந்திருக்கலாம்.

கணக்கு நன்றாக வருகிறது. மெக்கே பக்கம் ஓதம், அதாவது கடல்மட்டம், ஆறு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். இப்போது அடியில் மூன்று மீட்டர் தண்ணீர், இரவில் எவ்வளவு இருக்கும், எத்தனை மீட்டர் சங்கிலி விட வேண்டும் என்று மகள் போட்டுச் சொல்வாள். தப்பாகப் போட்டால் படகு தரைதட்டும் என்பதால் கவனமாகப் போடுகிறாள். ஆழத்துக்கு ஐந்து மடங்கு சங்கிலி, காற்று பலமானால் ஏழு மடங்கு. எனக்குக் கவலை கணக்கு அல்ல, நட்பு. மகளுக்குப் பன்னிரண்டு தாண்டிவிட்டது, மாதக்கணக்கில் ஒரே தோழியைப் பார்க்கும் ஆசை அவளுக்கு வந்துவிட்டது. அவள் உயர்நிலைப் பள்ளிக்குக் கரைக்குப் போக வேண்டுமென்றால் போவோம் என்று பேசி வைத்திருக்கிறோம். தமிழ் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆச்சியோடு வீடியோவில், சிக்னல் இருந்தால்.

சின்னப் பையன் தண்ணில விழுந்துட்டா?

என் முதல் கேள்வியும் அதுதான். படகின் ஓரக் கம்பிகளில் சுற்றிலும் வலை கட்டியிருக்கிறோம். ஓடும்போது எல்லாருக்கும் மிதவைச் சட்டை, வாரால் படகோடு பிணைப்பு. இரவில் மேலே இருப்பவர் மற்றவரை எழுப்பாமல் முன்பக்கம் போகக் கூடாது. இந்த விதியை அதிகம் மீறப் பார்ப்பது பையன் அல்ல, அவன் அப்பா.

மாதம் ஒருமுறை பயிற்சி. யாருக்கும் சொல்லாமல் ஒரு தேங்காயைக் கடலில் எறிந்து "ஆள் விழுந்தாச்சு" என்று கத்துவேன். ஒருவர் தேங்காயை விட்டுக் கண்ணெடுக்காமல் விரலை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மற்றவர் படகைத் திருப்பி எடுக்க வேண்டும். அலையில் தேங்காயும் மனிதத் தலையும் ஒரே அளவுதான் தெரியும். முதல் மூன்று தேங்காய்கள் போயே போய்விட்டன. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது பெரும்பாலும் ஆறு, ஏழு நிமிடத்தில் எடுத்துவிடுகிறோம்.

வாந்தி வராதா?

எனக்கு வரும். கிளம்பி முதல் இரண்டு நாள், பிறகு பழகிவிடும். தொடுவானத்தைப் பார்ப்பது, வெறும் வயிற்றோடு இருக்காதது, இஞ்சி மரப்பா. மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டு, கரையில் ஒருநாள் போட்டுப் பாருங்கள், சிலருக்குத் தூக்கம் தள்ளும். பிள்ளைகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை, அது கொஞ்சம் எரிச்சல்.

புயல் வந்தா என்ன பண்ணுவீங்க?

புயல் வரும் இடத்தில் புயல் காலத்தில் இல்லாமல் இருப்பதுதான் முதல் பதில். இங்கே அது நவம்பர் முதல் ஏப்ரல்வரை. பல காப்பீட்டு ஒப்பந்தங்களே அந்த மாதங்களில் குறிப்பிட்ட அட்சரேகைக்குத் தெற்கே இருக்கச் சொல்லும். 2017 மார்ச்சில் டெபி புயல் ஏர்லி பீச் அருகே கரையேறியபோது விட்சண்டே பகுதியில் ஏராளமான படகுகள் நொறுங்கின.

ஆனால் தெற்கே வந்துவிட்டால் கவலையில்லை என்று நாங்கள் நினைத்தது தப்பு. 2025 மார்ச்சில் ஆல்பிரட் புயல் பிரிஸ்பேனை நோக்கியே வந்தது. ஒரு வாரமாக வருகிறது, வருகிறது என்று இழுத்தடித்தது. பாய்களை முழுக்கக் கழற்றி உள்ளே போட்டோம், கயிறுகளை இரட்டித்தோம், உரசும் இடமெல்லாம் பழைய தீயணைப்புக் குழாயைச் சுற்றினோம், பிறகு நாலு பேரும் பையை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டோம். கடைசியில் வலுக்குறைந்துதான் கரையைக் கடந்தது. படகுக்குச் சிராய்ப்பு மட்டும். படகோடு சேர்ந்து நாமும் நிற்க வேண்டும் என்று சிலர் வீரம் பேசுவார்கள். காப்பீடு படகுக்கு இருக்கிறது, இறங்கிவிடுங்கள்.

சாதாரண நாட்களில் எங்களுக்குப் பயம் புயலல்ல, ஆற்றுமுகங்களின் மணல்திட்டு. கேகாரிக்குத் தெற்கே வைட் பே முகத்தில் அலை உடையும். பகலில், ஓதம் ஏறும் நேரத்தில், கடல் மீட்புத் தன்னார்வலர்களிடம் வானொலியில் கேட்டபிறகுதான் நுழைவோம். ஒருமுறை காலையில் வந்துவிட்டு, நிலைமை சரியில்லாததால் ஆறு மணி நேரம் வெளியே ஆடிக்கொண்டே காத்திருந்தோம். அவசரத்துக்கு, செயற்கைக்கோளுக்குக் குரல் கொடுக்கும் ஈபெர்ப் கருவி ஒன்று உண்டு. அதைப் பதிவு செய்து வைப்பது கட்டணமில்லாத வேலை, பலர் மறந்துவிடுகிறார்கள்.

லைசென்ஸ் வேணுமா? உங்களுக்கு முன்னாடியே ஓட்டத் தெரியுமா?

பாய்க்கு உரிமம் இல்லை, எஞ்சினுக்கு உண்டு. குயின்ஸ்லாந்தில் 4.5 கிலோவாட்டுக்கு மேல் எஞ்சின் இருந்தால் ஓட்டுநர் உரிமம் எடுக்க வேண்டும். கடல் வானொலிக்குத் தனிச் சான்றிதழ். பாய் ஓட்டப் பழகியது படகுக் கழகத்தின் வாராந்திரப் பந்தயங்களில். அங்கே எப்போதும் ஆள் தேடுவார்கள், காசு கேட்க மாட்டார்கள். முதல் இரண்டு மாதம் படகு சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்வதுதான் என் பணி. எடைக்கல். படகு வாங்கும் முன் இரண்டு வருடம் இப்படிப் பழகினோம்.

பெண்ணால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு: 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவிலிருந்து கிளம்பிய தில்னா, ரூபா என்ற இந்தியக் கடற்படை அதிகாரிகள் இருவர் 56 அடிப் பாய்மரப் படகான தாரிணியில் உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். ரூபா புதுச்சேரிப் பெண்.

செலவு எவ்வளவு ஆகுது? வீட்டை விடக் கம்மியா?

படகு 2006-ல் கட்டியது, 1,60,000 ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கினோம். பரிசோதகரை வைத்துப் பார்த்துத்தான் வாங்கினோம், ஆனாலும் முதல் வருடம் இன்னும் 34,000 போனது. பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பிகள் மொத்தமும் மாற்றினோம், காப்பீட்டுக்காரர்கள் பத்து, பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை கேட்பார்கள். படகின் விலையில் பத்தில் ஒரு பங்கை வருடப் பராமரிப்புக்கு எடுத்துவைக்கச் சொல்வார்கள். எங்கள் அனுபவத்தில் அது பொய்யில்லை. வருடத்துக்கு ஒருமுறை கரையேற்றி அடியில் பாசி, சிப்பி ஒட்டாத வண்ணம் பூச வேண்டும்.

புயல் காலத்தில் படகுத்துறையில் மாதம் 1,300 டாலர்போல, படகிலேயே குடியிருப்பதற்குத் தனிக் கட்டணம் சேர்த்து. குடியிருக்கவே விடாத துறைகளும் உண்டு, முன்னாலேயே கேளுங்கள். நங்கூரத்தில் இருக்கும் மாதங்களில் வாடகை இல்லை, கடையும் இல்லை, அப்போது மிச்சமாகும். மொத்தத்தில் வீட்டுத் தவணையைவிடக் குறைவு. ஆனால் மலிவு என்று நினைத்து வராதீர்கள்.

வேலைக்கு என்ன செய்றீங்க? லெட்டர் எங்கே வரும்?

கணவர் கணினி வேலை, வாரத்தில் மூன்று நாள், செயற்கைக்கோள் இணையத்தில். நான் நர்ஸ். பிரிஸ்பேனில் கட்டியிருக்கும் மாதங்களில் மட்டும் ஷிப்ட் எடுப்பேன். கடிதங்கள் பட்டுப்புடவைகள் இருக்கும் அதே தோழி வீட்டுக்கு. அவள் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறாளோ தெரியவில்லை, வருடம் ஒருமுறை அவளைக் குடும்பத்தோடு கடலுக்கு அழைத்துப்போய்ச் சமாளிக்கிறோம். இங்கே வாக்களிப்பது கட்டாயம். நிலையான விலாசம் இல்லாதவர்களுக்கென்றே வாக்காளர் பட்டியலில் சேரத் தனி வழி இருக்கிறது.

எனக்கு ரொம்ப ஆசை. ஆனா வீட்டுக்காரிக்குச் சுத்தமா இஷ்டமில்லை. எப்படிச் சம்மதிக்க வைக்கறது?

சம்மதிக்க வைக்காதீர்கள். ஐந்து வருடம் எனக்கும் இஷ்டமில்லை. கணவர் படகுப் படங்களாகக் காட்டிக்கொண்டிருந்தவரை என் மனம் அசையவில்லை. ஒரு வாரம் வாடகைப் படகில் போனபோது அவர் சமையலறையையும் நான் சுக்கானையும் எடுத்துக்கொண்டோம். எனக்குச் சுக்கான் பிடித்திருந்தது, அங்கேதான் மாறியது. ஒருவர் ஓட்டுநர், மற்றவர் ஓட்டுநருக்குச் சமைப்பவர் என்று ஆனால் அந்தப் படகு சீக்கிரம் விற்பனைக்கு வரும். நாங்கள் வாங்கியதே அப்படி விற்பனைக்கு வந்த ஒன்றுதான்.

சண்டை வந்தால் எங்கே போவீர்கள் என்றும் சேர்த்தே கேட்பார்கள். ஒருவர் அணியத்துக்கு, ஒருவர் அமரத்துக்கு. 40 அடி. முதலில் நங்கூரம் நழுவுகிறதா என்று பார்க்க வருபவர் சமாதானத்துக்கு வந்ததாகக் கணக்கு.

பிடிக்காமப் போச்சுன்னா திரும்ப வீடு வாங்க முடியுமா?

இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. நாங்கள் விற்ற வீடு இன்று எங்களால் வாங்க முடியாத விலைக்குப் போய்விட்டது. படகின் விலையோ வருடாவருடம் இறங்கும். வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டிருக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னார், கணக்குப்படி அவர் சொன்னது சரி. படகை மொத்தப் பணத்தில் வாங்க வேண்டியிருந்ததால் எங்களுக்கு அது முடியவில்லை. உங்களால் முடிந்தால் வாடகைக்கு விடுங்கள். எங்கள் விற்பனைப் பணத்தில் ஒரு பகுதி வங்கியில் தனியாக இருக்கிறது, ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் ஆகும். நான்கு படுக்கையறை இனி வேண்டாம் என்பதில் மட்டும் நாலு பேருக்கும் ஒரே கருத்து.

நான் வந்தா எங்கேட்டி படுப்பேன்?

அம்மா கேட்டது. வந்து மூன்று வாரம் இருந்துவிட்டும் போனார். சாப்பாட்டு மேசையைக் கீழே இறக்கி மெத்தை போட்டால் ஒருவர் தாராளமாகப் படுக்கலாம், கைப்பிடி பக்கத்திலேயே இருக்கிறது, ஏணியில் ஐந்து படிதான். அம்மாவுக்கு முட்டி வலி என்பதால் அந்த மூன்று வாரமும் துறையிலேயே கட்டியிருந்தோம், இரண்டு நாள் மட்டும் விரிகுடாவுக்குள் ஒரு சுற்று.

வருகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள், மடிக்கக்கூடிய துணிப்பையில் சாமான் கொண்டுவாருங்கள். சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸை வைக்கப் படகில் எங்கும் இடமில்லை. அம்மாவின் சூட்கேஸ் மூன்று வாரமும் கழிப்பறைக்குள் நின்றது, ஒவ்வொரு முறையும் அதை வெளியே எடுத்துவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போனோம். அதற்குள் எங்களுக்காக அவர் கொண்டுவந்தது பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளர்கள்.